கக்குவான் இருமல் தடுப்பு மருந்தின் வரலாறு

குழந்தைகளைப் பற்றும் நோய்களுள் கக்குவான் இருமல் மிகவும் பழமையானது. மிகவும் கொடியதும் ஆகும். தொடக்கத்தில் இது சாதாரண ஜலதோஷம் போலவே தோன்றும். மூக்கொழுகலும் லேசான இருமலும் ஓரிரு வாரம் நீடிக்கும். பின்னர் இருமல் வலுத்து, இடையே மூச்சு வாங்குவதற்கும் இடமின்றி, ஒன்றன்மேல் ஒன்றாகத் தொடர்ந்து வரும். குழந்தையின் முகம் சிவந்து, பின் நீலம் பாயும். இருமல் தொடர் ஓய்ந்ததும் குழந்தை காற்றை வேகமாக உள்ளிழுக்கும்போது கூவுவது போன்ற ஓசை எழும். பல சமயங்களில் வாந்தியும் உண்டாகும். இத்தகைய இருமல் பல வாரங்கள் நீடிப்பதால் சீன மொழியிலும் ஜப்பானிய மொழியிலும் இந்நோய்க்கு ‘நூறு நாள் இருமல்’ என்றே பெயர் வழங்குகிறது.

வயதில் மூத்த குழந்தைகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வர். 6 மாதத்திற்கு உட்பட்ட கைக்குழந்தைகளின் நிலை வேறு. அவர்களிடம் கூவும் ஓசை கேட்காமலே போகலாம். இருமலுக்கு மாறாக மூச்சு சில நொடிகள் நின்றுபோவதே முதல் அறிகுறியாக இருக்கலாம். நுரையீரல் அழற்சியும் வலிப்பும் தொடர்ந்து வரக்கூடும். இந்நோயால் நேரும் மரணங்களில் பெரும்பகுதி இப்பருவத்திலேயே நேர்கிறது.

இந்நோய்க்கு இன்று தடுப்பு மருந்து உண்டு. கிராமச் செவிலியரின் குளிர்ப்பெட்டியில் அது மற்ற மருந்துகளோடு ஒன்றாக இருப்பதால், அதன் பின்னே நிற்கும் நீண்ட முயற்சியைப் பலர் அறியார். நோய்க் கிருமியை வளர்த்துக் காட்டியது 1906-ஆம் ஆண்டில். அக்கிருமியிலிருந்து செய்த மருந்து உண்மையாகவே பயன் தருகிறது என்று ஐயமறக் காட்டியது 1939-ஆம் ஆண்டில். இடையில் கழிந்த 33 ஆண்டுகளில் குறைபட்டது மருந்தன்று. எத்தனைக் குழந்தைகளுக்கு மருந்து தரப்பட்டது, எத்தனைக் குழந்தைகளுக்குத் தரப்படவில்லை, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் நோயுற்றனர் என்ற ஒழுங்கான கணக்கே குறைபட்டது. பிற்காலத்தில் இக்கணக்கு மறக்கப்பட்டபோதெல்லாம் நோய் மீண்டும் தலையெடுத்தது. ஆகையால் இவ்வரலாறு களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் சிறப்பாகப் பயன்படத்தக்கது.

கிருமியைக் கண்ட வரலாறு

கக்குவான் இருமலைத் தனி நோயாகப் பிரித்து விவரித்தவர் கியோம் தெ பைலோ என்னும் பிரெஞ்சு மருத்துவர். 1578-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் குழந்தைகளிடையே பரவிய கொள்ளைநோயை அவர் குறித்து வைத்தார். அதற்குப் பின் 3 நூற்றாண்டுகள் கழிந்தும் நோயின் காரணம் விளங்கவில்லை.

பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரிலிருந்த பாஸ்டர் நிறுவனத்தில் ஜூல் போர்டே, ஒக்டாவ் ஜெங்கூ என்னும் இருவர் பணியாற்றி வந்தனர். நோயுற்ற குழந்தை ஒன்றின் சளியில், மிகச் சிறிய முட்டை வடிவமுள்ள கிருமிகள் மிகுதியாக இருப்பதை 1900-ஆம் ஆண்டில் நுண்பெருக்காடி வழியே கண்டனர். ஆயினும் வழக்கமான உணவுக் கலவைகளில் அக்கிருமி வளர மறுத்தது. உருளைக்கிழங்கின் சாறு, கிளிசரின், இரத்தம் ஆகியவை சேர்ந்த புதிய கலவை ஒன்றைத் தயாரித்த பின்னரே, 1906-இல் கிருமியைத் தனியே வளர்க்க முடிந்தது. அக்கலவை இன்றும் அவ்விருவர் பெயரால் வழங்குகிறது. கிருமிக்கும் போர்டேயின் பெயரையொட்டிப் போர்ட்டெட்டெல்லா பெர்ட்டுசிஸ் என்று பிற்காலத்தில் பெயரிட்டனர்.

கிருமி கிடைத்துவிட்டால் மருந்தும் கிடைத்துவிடும் என்று அக்காலத்தில் எளிதாக எண்ணப்பட்டது. கிருமியை வளர்த்து, கொன்று, உப்பு நீரில் கலந்து ஊசி வழியே செலுத்தினால், உடல் அக்கிருமிக்கு எதிரான ஆற்றலை முன்னதாகவே பெற்றுக்கொள்ளும் என்பது கொள்கை. கொள்கை சரியானதே. நடைமுறையில் இடர்கள் பல இருந்தன.

முதல் மருந்துகளும் அவற்றின் குறைபாடும்

1910-க்குப் பின் பல நாடுகளில் கக்குவான் இருமலுக்கு மருந்துகள் தயாரிக்கப்பட்டன. துனிஸ் நகரில் சார்ல் நிக்கோல் என்பவர் 1913-இல் இத்தகைய மருந்தைப் பயன்படுத்தினார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வணிக நிறுவனங்கள் பல மருந்துகளை விற்றன. சில, நோயைத் தடுப்பதற்கு. சில, வந்த நோயைத் தீர்ப்பதற்கு. மருத்துவர் சிலர் அவற்றைப் புகழ்ந்தனர். வேறு சிலர் பயனற்றவை என்றனர். எவர் கூற்று மெய் என்பதை முடிவு செய்ய வழியில்லாமல் இருந்தது.

இதன் காரணத்தை அறிதல் நலம். கக்குவான் இருமல் எந்தச் சிகிச்சையும் இன்றியே சில வாரங்களில் படிப்படியாகத் தணியும் இயல்புடையது. நோய் தணியத் தொடங்கும் வாரத்தில் கொடுத்த எந்த மருந்தும் நோயைத் தீர்த்த மருந்தாகவே தோன்றும். மேலும் இந்நோய் ஏறத்தாழ 2 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை பெருகிப் பின் தணிவது. பெருக்கம் தணிந்த ஆண்டில் ஊசி போட்டால், நோய் குறைந்ததற்கு ஊசியே காரணம் என்று தோன்றும். இத்தோற்றங்களிலிருந்து உண்மையைப் பிரித்தறிய ஒரே வழிதான் உண்டு. ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒத்த வயதும் ஒத்த வாழ்க்கை நிலையும் உடைய குழந்தைகளை இரு பிரிவாகக் கொண்டு, ஒரு பிரிவினருக்கு மட்டும் மருந்து கொடுத்து, இரு பிரிவினரையும் ஒரே வகையாகக் கவனித்து வரவேண்டும். மருந்து பெறாத பிரிவை ஒப்பீட்டுப் பிரிவு என்பர்.

இத்துறையில் முதன்முதல் கவனிக்கத்தக்க பணி செய்தவர் டென்மார்க் நாட்டின் தோர்வால்ட் மாட்சன். வட அட்லாண்டிக் கடலிலுள்ள பாரோ தீவுகளில் 1923-24-இலும் 1929-இலும் நோய் பரவியபோது அவர் மருந்தைச் சோதித்தார். மருந்து பெற்றவர்களிடம் நோய் கடுமை குறைந்து காணப்பட்டது. நோய் பரவுவதற்கு முன்னரே ஊசி போட்டு முடித்திருந்த 1929-ஆம் ஆண்டில் பயன் மேலும் தெளிவாக இருந்தது. தடுப்பு மருந்தை நோய் வருமுன் கொடுக்க வேண்டும் என்னும் பாடம் இதனால் உறுதிப்பட்டது.

மருந்துகளுக்குள் ஏன் இத்துணை வேறுபாடு என்ற வினாவிற்கு 1931-இல் இங்கிலாந்திலிருந்து விடை கிடைத்தது. லெஸ்லி, கார்டினர் என்னும் இருவர், ஆய்வுக்கூடத்தில் மீண்டும் மீண்டும் வளர்க்கப்படும் கிருமி 4 நிலைகளின் வழியே மாறுபடுவதைக் கண்டறிந்தனர். நோயாளியிடமிருந்து புதிதாக எடுத்த முதல் நிலைக் கிருமிக்கே நோய் உண்டாக்கும் ஆற்றலும், தடுப்பாற்றலைத் தூண்டும் திறனும் முழுமையாக உள்ளன. நெடுநாள் வளர்த்துப் பழகிய கிருமி இத்திறனை இழந்துவிடுகிறது. பழைய மருந்துகள் பலவும் பயனற்றுப் போனதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

கிராண்ட் ராபிட்ஸ் நகரின் பணி

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த கிராண்ட் ராபிட்ஸ் நகரில் மாநிலச் சுகாதாரத் துறையின் ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. அங்கே பெர்ல் கென்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்னும் இரு பெண்மணிகள் பணியாற்றினர். இருவருமே முன்னர்ப் பள்ளி ஆசிரியைகளாக இருந்தவர்கள். இருவருக்கும் குழந்தைப் பருவத்தில் கக்குவான் இருமல் வந்திருந்தது. நகரின் குடிநீர், பால், நோயாளிகளின் மாதிரிகள் ஆகியவற்றைச் சோதிப்பதே அவர்களது அன்றாட அலுவல். 1932-இல் கக்குவான் இருமல் ஆராய்ச்சியை அவர்கள் தொடங்கியபோது, அதற்கென்று தனி நேரமோ போதிய பணமோ இல்லை. அலுவல் நேரம் முடிந்த பின் மாலையில் நோயுற்ற குழந்தைகளின் வீடுகளுக்குச் சென்றனர்.

உணவுக் கலவை பரப்பிய கண்ணாடித் தட்டை இருமும் குழந்தையின் வாய்க்கு நேரே பிடிப்பர். தட்டில் படும் துளிகளிலிருந்து கிருமிகள் வளரும். இதற்கு இருமல் தட்டு என்று பெயர். இம்முறையால் இரு பயன்கள் விளைந்தன. முதலாவது, நோயை ஐயமின்றி உறுதி செய்ய முடிந்தது. இரண்டாவது, நோயுற்ற குழந்தை எவ்வளவு காலம் பிறருக்கு நோயைப் பரப்பக்கூடும் என்பது தெரிந்தது. பெரும்பாலோர் ஏறத்தாழ 5 வாரங்களுக்குப் பின் கிருமியை வெளியிடுவதில்லை என்று கண்டனர். குழந்தையை எத்தனை நாள் பள்ளிக்கு அனுப்பாமல் வைக்க வேண்டும் என்ற கேள்விக்கு இதனால் அளவான விடை கிடைத்தது.

அது பெரும் பொருளாதார மந்தக் காலம். வேலையிழந்த தொழிலாளரின் இருண்ட வீடுகளில், மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் மாதிரிகள் எடுக்கப்பட்டன. தட்டில் வளர்ந்த முதல் நிலைக் கிருமிகளை ரசாயனப் பொருளால் கொன்று, குளிரில் வைத்து, தூய்மையும் தீங்கின்மையும் சோதித்து மருந்து தயாரிக்கப்பட்டது. 1934-இல் களச் சோதனை தொடங்கியது. நகர மருத்துவர்களும், செவிலியரும், தாய்மாரும் ஒத்துழைத்தனர். மருந்து பெற்ற குழந்தைகளையும் பெறாத குழந்தைகளையும் செவிலியர் குறித்த காலத்தில் வீடு தேடிச் சென்று பார்த்து, இருமல் உண்டா, யாரிடமிருந்து தொற்றியிருக்கக்கூடும் என்று பதிவு செய்தனர்.

முதல் முடிவுகள் மிக நல்லவையாகத் தோன்றின. மிக நல்லவையாக இருந்ததாலேயே பிறர் ஐயுற்றனர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வேட் ஹாம்ப்டன் பிராஸ்ட் என்னும் புகழ்பெற்ற தொற்றுநோயியல் அறிஞரை அவர்கள் தாமே அணுகி, தம் முறையில் குறை காணுமாறு கேட்டுக்கொண்டனர். அவர் நேரில் வந்து பதிவேடுகளைப் பார்த்து, ஒப்பீட்டுப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முறையைத் திருத்தினார். பிராஸ்ட் கூறிய திருத்தங்களோடு சோதனை விரிவடைந்தது. 1936-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் மனைவியார் எலினார் ரூஸ்வெல்ட் ஆய்வுக்கூடத்தைப் பார்வையிட்டார். அதன் பின் கூடுதல் பணியாளரை அமர்த்த அரசுப் பணம் கிடைத்தது.

1939-இல் வெளியான அறிக்கையின் எண்கள் கவனிக்கத்தக்கவை. மருந்து பெற்ற குழந்தைகள் 1,815. அவர்களுள் நோயுற்றோர் 52. மருந்து பெறாத குழந்தைகள் 2,397. அவர்களுள் நோயுற்றோர் 348. நூற்றுக் கணக்கில் சொன்னால், மருந்து பெற்றவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பேரும், பெறாதவர்களுள் நூற்றுக்கு 14 முதல் 15 பேரும் நோயுற்றனர். மருந்து முழுக் காப்பு அளிக்கவில்லை. ஆயினும் நோயை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தது. அமெரிக்காவில் 1934-ஆம் ஆண்டில் மட்டும் 2,65,000-க்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாகி, 7,500 பேர் மாண்டனர் என்பதை நினைத்தால் இதன் மதிப்பு விளங்கும்.

மருந்தை அளக்கும் முறை

நல்ல மருந்து ஒன்றைச் செய்வது வேறு. செய்யும் மருந்து ஒவ்வொன்றும் நல்லதாக இருக்கச் செய்வது வேறு. ஒவ்வொரு தொகுதி மருந்தையும் பல்லாயிரம் குழந்தைகளிடம் சோதித்துப் பார்க்க முடியாது. கென்ட்ரிக்கும் அவருடைய துணைவர்களும் 1947-இல் இதற்கு ஒரு வழி கண்டனர். சுண்டெலிகளுக்கு முதலில் தடுப்பு மருந்தைக் கொடுத்து, சில நாட்களுக்குப் பின் அவற்றின் மூளையில் அளவிட்ட கிருமியைச் செலுத்தி, எத்தனை எலிகள் பிழைக்கின்றன என்று எண்ணுவதே அம்முறை. கிருமியின் வீரியமுள்ள வகைகளைத் தேடிய பணியில் லோனி கிளின்டன் கார்டன் என்னும் கறுப்பின ஆராய்ச்சிப் பெண்மணியின் பங்கு பெரிது. பல்லாயிரம் வளர்ப்புத் தட்டுகளைப் பொறுமையுடன் பார்த்து, கிருமி நன்கு வளர ஆட்டின் இரத்தம் ஏற்றது என்றும் அவர் காட்டினார்.

எலியிடம் கண்ட முடிவு குழந்தைகளிடமும் பொருந்துமா? இக்கேள்விக்குப் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1946 முதல் நடத்திய களச் சோதனைகள் விடையளித்தன. ஒப்பீட்டுப் பிரிவிலிருந்த குழந்தைகளுக்குக் கக்குவான் கிருமி சேராத வேறொரு மருந்து ஊசியாகப் போடப்பட்டது. எந்தக் குழந்தைக்கு எந்த மருந்து என்பது பெற்றோருக்குத் தெரியாததால், பாரபட்சத்திற்கு இடமில்லாமற் போயிற்று. பல தயாரிப்பாளரின் மருந்துகள் ஒப்பிடப்பட்டன. சில சிறந்த காப்பளித்தன. சில மிகக் குறைவாகவே பயன்பட்டன. எலிச் சோதனையில் சிறந்தவை குழந்தைகளிடமும் சிறந்தே விளங்கின. இதன் பின்னரே மருந்தின் வீரியத்தை எண்ணால் குறிக்கும் வழக்கம் உலகெங்கும் பரவியது. ஒரு தடவை கொடுக்கும் அளவில் சர்வதேச அலகு 4-க்குக் குறையாமல் வீரியம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதியாயிற்று.

தொண்டை அடைப்பான், இரணஜன்னி ஆகிய நோய்களின் தடுப்பு மருந்துகளோடு கக்குவான் மருந்தையும் ஒன்றாகக் கலந்து, அலுமினிய உப்பைச் சேர்த்து, ஒரே ஊசியாக அளிக்கும் முறை 1940-களில் உருவாயிற்று. இதுவே முத்தடுப்பு ஊசி. மூன்று முறை குத்த வேண்டியதை ஒரு முறை குத்தினால் போதும் என்னும் வசதியால், இம்மருந்து நாடுதோறும் பரவியது. அமெரிக்காவில் 1976-ஆம் ஆண்டில் பதிவான நோயாளிகள் 1,010 பேர் மட்டுமே.

அச்சமும் அதன் விளைவும்

நோய் கண்ணுக்கு மறைந்ததும் மக்களின் கவனம் மருந்தின் குறைகள்மீது சென்றது. முழுக் கிருமியின் உடலையும் கொண்ட இம்மருந்து, ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் வலியும், ஓரிரு நாள் காய்ச்சலும் உண்டாக்குவது வழக்கம். சில குழந்தைகள் மணிக்கணக்கில் அழுவதும், காய்ச்சலோடு வலிப்பு வருவதும் உண்டு. இவை மெய்யானவை, மறைக்கத்தக்கவையல்ல. இவற்றுக்கு மேலாக, மருந்தினால் மூளை நிரந்தரமாகப் பழுதடைகிறது என்ற அச்சம் 1970-களில் பரவியது.

பிரிட்டனில் 1974-இல், ஊசிக்குப் பின் நரம்பு நோய் கண்ட 36 குழந்தைகளைப் பற்றிய கட்டுரை ஒன்று வெளியாயிற்று. அக்கட்டுரையில் ஒப்பீட்டுப் பிரிவு இல்லை. ஊசி போடும் வயதும், குழந்தைகளுக்குச் சில நரம்பு நோய்கள் இயல்பாகவே தொடங்கும் வயதும் ஒன்றே. ஆகையால் ஒன்றன்பின் ஒன்றாக நேர்ந்தமை மட்டும் காரணகாரியத் தொடர்பைக் காட்டாது. ஆயினும் செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் இதைப் பெரிதாக்கின. ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளின் விகிதம் நூற்றுக்கு 80 என்னும் அளவிலிருந்து சில ஆண்டுகளில் 31-க்கு இறங்கியது. 1977 முதல் 1979 வரை பரவிய நோயில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர்.

ஜப்பானின் அனுபவம் மேலும் தெளிவானது. 1974-ஆம் ஆண்டில் அந்நாடு முழுவதிலும் நோயுற்றோர் 393 பேர். மரணம் எதுவும் இல்லை. அக்குளிர்காலத்தில் ஊசிக்குப் பின் 2 குழந்தைகள் இறந்ததையடுத்து, 1975-இல் ஊசி சில காலம் நிறுத்தப்பட்டது. மீண்டும் தொடங்கிய பின்னரும் பெற்றோர் தயங்கினர். ஊசி பெற்றோர் விகிதம் நூற்றுக்கு 10 அளவுக்கு வீழ்ந்தது. 1979-இல் நோயுற்றோர் 13,105 பேர். மாண்டோர் 41 பேர். சுவீடன் நாடும் 1979-இல் இவ்வூசியை நிறுத்தி, 1996 வரை அதன்றியே இருந்தது. அவ்விடைக்காலத்தில் நோய் அங்கே குழந்தைகளிடம் மீண்டும் சாதாரணமாயிற்று.

மூளைப் பழுது பற்றிய கேள்விக்கு நெடுங்காலத்துக்குப் பின்னர்த் தெளிவு பிறந்தது. ஊசியால் மூளை பழுதுற்றதாகக் கருதப்பட்ட 14 பேரை ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் சோதித்து 2006-இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் 11 பேரிடம், கடும் வலிப்பு நோய்க்குக் காரணமான மரபணு மாற்றம் ஒன்று காணப்பட்டது. ஊசியின் காய்ச்சல் முதல் வலிப்பைச் சற்று முன்னதாகக் கொண்டுவந்திருக்கலாம். நோயின் வேர் பிறவியிலேயே இருந்தது.

செல்லற்ற மருந்தின் தோற்றம்

ஜப்பானின் துன்பத்திலிருந்து புதிய மருந்து ஒன்று பிறந்தது. அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த யூஜி சாத்தோ, ஹிரோகோ சாத்தோ ஆகியோர், கிருமியின் முழு உடலையும் நீக்கி, தடுப்பாற்றலுக்கு வேண்டிய சில புரதங்களை மட்டும் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். கிருமி வெளியிடும் நச்சுப்பொருளை நஞ்சு நீக்கிச் சேர்த்தனர். மூச்சுக் குழலில் கிருமி ஒட்டிக்கொள்ள உதவும் புரதத்தையும் சேர்த்தனர். இதற்குச் செல்லற்ற தடுப்பு மருந்து என்று பெயர். பழைய மருந்து முழுச்செல் தடுப்பு மருந்து எனப்படும். 1981 முதல் ஜப்பானில் புதிய மருந்து வழக்கத்துக்கு வந்தது. காய்ச்சலும் வீக்கமும் வெகுவாகக் குறைந்தன. 1990-களின் தொடக்கத்தில் சுவீடனிலும் இத்தாலியிலும் விரிவான சோதனைகள் நடந்தன. அதன் பின் செல்வ நாடுகள் பலவும் இதற்கு மாறின.

அச்சோதனைகளில் ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்டிருந்த முழுச்செல் மருந்து ஒன்று எதிர்பாராத வகையில் மிகக் குறைந்த காப்பையே அளித்தது. வேறிடங்களில் செய்யப்பட்ட முழுச்செல் மருந்துகளோ மிகச் சிறந்து விளங்கின. பெயர் ஒன்றாயினும் மருந்துகள் ஒன்றல்ல. ஒவ்வொன்றையும் தனியே அளந்தறிய வேண்டும் என்னும் பழைய பாடம் மீண்டும் உறுதிப்பட்டது.

செல்லற்ற மருந்தின் குறை சில ஆண்டுகளுக்குப் பின் வெளிப்பட்டது. அது தரும் காப்பு விரைவில் தேய்கிறது. 2010-இல் கலிபோர்னியாவில் நோய் பெருகி, 10 கைக்குழந்தைகள் இறந்தனர். 2012-இல் அமெரிக்கா முழுவதும் 48,000-க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். பபூன் குரங்குகளிடம் நடந்த ஆராய்ச்சியும் ஒரு காரணத்தைக் காட்டியது. செல்லற்ற மருந்து பெற்ற குரங்குகள் நோயுறவில்லை. எனினும் அவற்றின் தொண்டையில் கிருமி தங்கி வாழ்ந்தது, பிற குரங்குகளுக்கும் பரவியது. முழுச்செல் மருந்து பெற்றவற்றிடமிருந்து கிருமி விரைவில் நீங்கியது. இக்காரணங்களை நோக்கி, முழுச்செல் மருந்தைக் கைக்கொண்டுள்ள நாடுகள் முதல் தவணைகளுக்கு அதனையே தொடர்ந்து பயன்படுத்துமாறு உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவுரை கூறிற்று.

பிறந்து 6 வாரம் ஆகாத சிசுவுக்கு ஊசியின் காப்பு இல்லை. இவ்விடைவெளியை நிரப்பப் பிரிட்டனில் 2012 முதல் கர்ப்பிணிகளுக்குச் செல்லற்ற மருந்து அளிக்கப்படுகிறது. தாயின் உடலில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள் கருவிலுள்ள குழந்தைக்குச் சென்று, அதன் முதல் மாதங்களில் காக்கிறது. இம்முறை சிசுக்களிடம் நோயைப் பெரிதும் குறைத்தமை அந்நாட்டுக் கணக்குகளால் நிறுவப்பட்டுள்ளது.

இந்தியாவில் தடுப்புப் பணி

இந்தியாவில் முத்தடுப்பு மருந்தைத் தயாரித்த அரசு நிலையங்களுள் இமாசலப் பிரதேசத்துக் கசௌலியிலுள்ள மத்திய ஆராய்ச்சி நிறுவனமும், நீலகிரி மாவட்டத்துக் குன்னூரிலுள்ள பாஸ்டர் நிறுவனமும் முக்கியமானவை. நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் 1978-இல் தொடங்கியது. 1985 முதல் அது எல்லா மாவட்டங்களுக்கும் படிப்படியாக விரிவு பெற்றது. முத்தடுப்பு மருந்தோடு மஞ்சட் காமாலை பி வகை, ஹிப் கிருமி ஆகியவற்றுக்கான மருந்துகளும் சேர்ந்த பென்டாவேலன்ட் ஊசி, 2011 டிசம்பரில் முதன்முதல் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அறிமுகமாயிற்று; பின்னர் நாடு முழுவதும் பரவியது. அரசுத் திட்டத்தில் வழங்கப்படும் இம்மருந்தின் கக்குவான் பகுதி முழுச்செல் வகையைச் சேர்ந்ததாகும். குழந்தைக்கு 6, 10, 14-ஆம் வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசியும், 16 முதல் 24 மாதத்திற்குள்ளும் 5 முதல் 6 வயதிற்குள்ளும் முத்தடுப்பு ஊக்க ஊசியும் அளிக்கப்படுகின்றன.

களப்பணியில் கவனிக்க வேண்டியவை

முதலாவது, குளிர் நிலை. மருந்தை 2 முதல் 8 பாகை வரையுள்ள வெப்ப நிலையில் வைக்க வேண்டும். வெப்பம் கெடுதல் செய்வது போலவே உறைதலும் கெடுதல் செய்யும். அலுமினிய உப்பு சேர்ந்த மருந்து உறைந்தால், அதன் துகள்கள் திரண்டு வீரியம் அழிகிறது. மீண்டும் உருகினாலும் பயனில்லை. குப்பியின் மேலுள்ள நிறம் மாறும் குறி வெப்பத்தை மட்டுமே காட்டும், உறைதலைக் காட்டாது. ஆகையால் குப்பி பனிக்கட்டியைத் தொடாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். ஐயம் எழுந்தால் குலுக்கல் சோதனை செய்யலாம். அதே தொகுதியைச் சேர்ந்த ஒரு குப்பியை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, ஐயத்துக்குரிய குப்பியோடு சேர்த்துக் குலுக்கி, இரண்டையும் அருகருகே வைக்க வேண்டும். ஐயத்துக்குரிய குப்பியிலும் துகள்கள் உறைந்த குப்பியைப் போலவே விரைவாக அடியில் படிந்தால், அதைப் பயன்படுத்தலாகாது.

இரண்டாவது, தாயிடம் உண்மையைச் சொல்லுதல். ஊசிக்குப் பின் காய்ச்சலும் வீக்கமும் வரக்கூடும், ஓரிரு நாளில் தணியும் என்று முன்கூட்டியே சொன்னால், அவை வந்தபோது தாய் கலங்கமாட்டார். சொல்லாமல் விட்டால், அடுத்த தவணைக்குக் குழந்தையைக் கொண்டுவரத் தயங்குவார். வலிப்போ, நிற்காத அழுகையோ, மயக்கமோ ஏற்பட்டால் உடனே மருத்துவரிடம் காட்டச் செய்து, மேலதிகாரிக்கும் அறிவிக்க வேண்டும். அறிவிக்கப்படாத நிகழ்ச்சி வதந்தியாக வளரும்.

மூன்றாவது, உரிய காலம். முதல் ஊசி 6-ஆம் வாரத்தில் கிடைப்பதற்கும் 4-ஆம் மாதத்தில் கிடைப்பதற்கும் இடையே, உயிராபத்து மிகுந்த வாரங்கள் காப்பின்றிக் கழிகின்றன. தவணை தவறிய குழந்தைக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும்.

நான்காவது, ஆசிரியரின் பங்கு. 2 வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலும், இருமலின் முடிவில் வாந்தியும் உள்ள மாணவரைச் சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். வளர்ந்த பிள்ளைகளுக்கு நோய் லேசாகவே வரலாம். அவர்கள் வீட்டிலுள்ள தம்பி தங்கையரான கைக்குழந்தைகளுக்கே அது ஆபத்து. தக்க மருந்தைத் தொடக்கத்திலேயே கொடுத்தால் நோய் தணியும். தாமதித்துக் கொடுத்தாலும் பிறருக்குப் பரவுவது குறையும். பள்ளியில் சேரும் வயதில் 5-ஆம் ஆண்டு ஊக்க ஊசி போடப்பட்டதா என்று அட்டையைப் பார்த்துக் கேட்பதும் ஆசிரியர் செய்யத்தக்க பணி.

ஐந்தாவது, பதிவேடு. கிராண்ட் ராபிட்ஸ் நகரின் செவிலியர் மாலை நேரங்களில் வீடு வீடாகச் சென்று எழுதிய குறிப்புகளின் மீதே இம்மருந்தின் நம்பகம் எழுந்து நிற்கிறது. ஜப்பானில் நேர்ந்த கேட்டின் அளவை உலகுக்குக் காட்டியதும் அந்நாட்டின் நோய்ப் பதிவேடே. ஒரு கிராமத்தில் ஊசி பெறாத குழந்தையின் பெயரைச் சரியாகக் குறித்து வைப்பவர், அதே பணியையே தொடர்ந்து செய்கிறார்.

வகுப்பிலும் பயிற்சிக் கூட்டத்திலும் கேட்கத்தக்க வினாக்கள்

1. கிருமி 1906-இலேயே கிடைத்தும், நம்பத்தக்க மருந்து கிடைக்க நெடுங்காலம் ஆனது ஏன்?

2. 1,815 பேரில் 52 பேரும், 2,397 பேரில் 348 பேரும் நோயுற்றனர். இரு பிரிவிலும் நூற்றுக்கு எத்தனை பேர் என்று கணக்கிடுக. 52-ஐயும் 348-ஐயும் மட்டும் ஒப்பிடுவதில் என்ன பிழை உண்டு?

3. ஊசிக்குப் பின் நேர்ந்த நோய்க்கு ஊசியே காரணம் என்று முடிவு செய்வதற்கு முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

4. முழுச்செல் மருந்து, செல்லற்ற மருந்து ஆகியவற்றின் நன்மை தீமைகளை ஒப்பிடுக.

5. தங்கள் கிராமத்தில் இவ்வாண்டு பிறந்த குழந்தைகளுள் 14 வாரத்திற்குள் 3 தவணையும் பெற்றவர் எத்தனை பேர்? பெறாதவர் ஒவ்வொருவருக்கும் காரணம் யாது?